லெஸ்தாக்கின் வீடுகள்: ஒரு கியூபிச ஓவியமும் உருவம் பற்றிய சில பிரச்சினைகளும்

கலையில் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய வினா, எமது முற்போக்கு விமர்சன உலகிலே பல்லாண்டு காலமாக விவாதிக்கப்பட்டு வந்த ஒன்றாகும். அவ்விவாதங்களில் 'உருவவாதம்' என்ற சொல் பெரும்பாலும் ஒரு கண்டனச் சொல்லாகவே பயன்பட்டு வந்துள்ளது. எளிதில் விளங்காத ஓர் ஆக்கம் முன்னே வரும்பொழுது, அது மக்களிடமிருந்து அந்நியப்பட்ட வர்க்கமொன்றின் சிதைவைக் காட்டுவது என்ற முடிவுக்கு நாம் விரைந்து வந்துவிடுகின்றோம். அம்முடிவு சில வேளைகளிற் சரியாகவும் இருத்தல் கூடும். ஆயினும் ஆராயாது எட்டப்பட்ட முடிவு, சரியாக இருந்தாலுங்கூட, விமர்சனமாகாது.

இக்கட்டுரையில் நாம் ஒரேயோர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு இப்பிரச்சினையை அணுக முயல்கின்றோம். அது பிரெஞ்சு ஓவியரான ஜோர்ஜ் பிராக் 1908ஆம் ஆண்டு வரைந்த 'லெஸ்தாக்கின் வீடுகள்' என்பதாகும். சுவிற்சர்லாந்தின் தலைநகரான பேர்ன் நகரின் கலை நூதனசாலையில் அது இன்று வைக்கப்பட்டுள்ளது. 73 சதமமீற்றர் உயரமும் ஏறத்தாழ 60 சதமமீற்றர் அகலமும் கொண்ட, அளவிற் சிறிய தைலவர்ண ஓவியம் அது. கியூபிசம் என்ற பெயரே இவ்வோவியத்தையும் இதன் உடன்பிறப்புகளையும் முன்னிட்டு எழுந்தது என்பதால், அவ்வியக்கத்தின் தொடக்கத்தை ஆராய இதனினும் பொருத்தமான ஆக்கம் கிடைத்தல் அரிது. கொழும்பில் 1943இல் அமைக்கப்பட்ட '43 குழு'வைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற் முதலியோரின் ஆக்கங்கள் மூலம் கியூபிசத்தின் செல்வாக்கு எமது நாட்டையும் எட்டியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1. ஓவியத்தில் உள்ளவை

முதலில் ஓவியத்தையே நோக்குவோம். மலைச்சரிவொன்றில் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிச் செல்கின்றன. இடப்புறத்தே ஒரு மரத்தின் அடி கீழிருந்து மேல்நோக்கிச் சாய்வாக எழுகின்றது. வீடுகளிடையேயும் ஓரங்களிலும் பசுமையான இலைத் திரள்கள் காணப்படுகின்றன. மண்ணிறமும் மஞ்சளும் கலந்த காவி, பச்சை, சாம்பல் ஆகிய சில நிறங்களோடு ஓவியர் அமைந்துவிடுகின்றார். வீடுகளுக்குக் கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை. ஓவியத்தில் வானம் இல்லை. அடிவானக் கோடும் இல்லை. மனிதர் எவருமில்லர்.

இன்னுஞ் சற்று உற்றுநோக்கினால் வேறு சிலவும் புலப்படும். ஒரு வீட்டின் சுவரில் ஒளி இடப்புறமிருந்து விழுகின்றது. அடுத்த வீட்டில் அது வேறொரு திக்கிலிருந்து விழுகின்றது. ஒரு கூரையின் விளிம்பு முடிய வேண்டிய இடத்தில் முடியாது, பின்னாலுள்ள சுவரோடு கலந்துவிடுகின்றது. தூரத்திலுள்ள வீடுகள் சிறுத்து மங்கிப் பின்செல்வதற்குப் பதிலாக, எம்மை நோக்கிச் சரிந்து வருவனபோலத் தோன்றுகின்றன. எந்த ஓரிடத்தில் நின்று இக்காட்சியைக் காண்கின்றோம் என்று எம்மாற் சொல்ல முடிவதில்லை.

இந்த இறுதிக் கூற்றே முக்கியமானது. ஐரோப்பிய ஓவியம் ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடக்கம், புளோரன்ஸ் நகரில் உருவான தூரநோக்கு விதிகளை அடிப்படையாகக் கொண்டு இயங்கி வந்தது. அல்பேர்ட்டி 1435இல் எழுதிய நூலில் அவ்விதிகளை முறைப்படுத்தினார். அவற்றின்படி, பார்ப்பவன் ஒரே இடத்தில், ஒற்றைக் கண்ணோடு, அசையாது நிற்கின்றான். உலகம் முழுவதும் அவனது கண்ணை நோக்கி ஒழுங்காக வந்து சேருகின்றது. வணிகமும் வங்கித்தொழிலும் செழித்த ஒரு நகரத்தில், அளத்தலும் கணக்கிடுதலும் அன்றாடத் தேவைகளாகிவிட்ட ஒரு சமுதாயத்தில் இம்முறை தோன்றியமை தற்செயலன்று. நிலமானிய உலகின் படிநிலை ஓவியத்தைத் தகர்த்து, அளவிடக்கூடிய உலகொன்றைத் தந்தமையில் அது தன் காலத்தில் முற்போக்கானதாகவும் இருந்தது. ஆனால் காலப்போக்கில், தனிமனித உடைமையாளன் ஒருவன் தன் பலகணியினூடே தனது உலகைப் பார்க்கும் பார்வையே 'இயல்பான' பார்வை என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வலுப்பெற்றது.

பிராக்கின் சிறிய ஓவியம் அந்தப் பலகணியை மூடிவிடுகின்றது. இங்கே பார்ப்பவனுக்கென ஒதுக்கப்பட்ட ஆசனம் எதுவுமில்லை. வீடு, மரம், சரிவு ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, அவற்றினிடையே உள்ள வெளியைத் தானே கட்டியெழுப்ப வேண்டிய பொறுப்பு அவன்மீது சுமத்தப்படுகின்றது. பார்த்தல் என்பது கண்ணில் விழும் விம்பத்தைப் பெற்றுக்கொள்ளும் செயலற்ற நிலையன்று, அது ஓர் உழைப்பு என்பதை இவ்வோவியம் தனது அமைப்பினாலேயே உணர்த்துகின்றது.

2. ஓவியரின் கை

இக்கருத்து பிராக்கின் சிந்தனையில் எவ்வாறு இடம்பெற்றது? செசானின் செல்வாக்கு இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடையாகும். அது சரியானதே. 1906ஆம் ஆண்டு ஒக்டோபரில் செசான் காலமானார். அடுத்த ஆண்டு பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவரது ஐம்பதுக்கு மேற்பட்ட ஆக்கங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் எமில் பேர்னாருக்கு எழுதிய கடிதங்களும் அவ்வேளையில் வெளிவந்தன. லெஸ்தாக், செசான் திரும்பத் திரும்பச் சென்று தங்கி வரைந்த இடமாகும். பிராக் அங்கு சென்றமையே ஒரு வகையில் ஆசானைத் தேடிய யாத்திரைதான். 1907இன் இறுதியளவிற் பிக்காசோவைச் சந்தித்து, அவரது 'அவிஞ்ஞோனின் பெண்கள்' என்ற ஓவியத்தைக் கண்டமையும் பிராக்கின் வளர்ச்சியில் ஒரு திருப்பமாகும்.

எனினும் ஓவியத்தின் வரலாற்றை ஓவியங்களின் வரலாறாக மட்டுமே நோக்குதல் போதாது. பிராக் 1882இல் பிறந்தவர். லு ஆவ்ர் துறைமுக நகரில் வளர்ந்தவர். அவருடைய தந்தையாரும் பாட்டனாரும் கட்டடங்களுக்கு வர்ணம் பூசி அலங்கரிக்கும் தொழிலை நடத்தியவர்கள். பிராக்கும் முதலில் அத்தொழிலையே பயின்றார். சாதாரண பலகைக்கு விலையுயர்ந்த மரத்தின் ரேகைகளைத் தருவது, பூச்சுச் சுவரைச் சலவைக்கல்போலத் தோன்றச் செய்வது, அச்சுத் தகடு கொண்டு எழுத்துகளைப் பதிப்பது ஆகியன அத்தொழிலின் நுட்பங்கள்.

அத்தகைய கைவினைஞன் ஒருவனுக்குப் 'போலத் தோன்றுதல்' என்பதில் மயக்கம் எதுவும் இருக்க இயலாது. அது எத்தனை பூச்சில், எந்தச் சீப்பினால், எவ்வளவு நேரத்தில் உண்டாக்கப்படுகின்றது என்பதை அவன் அறிவான். கல்விக்கழக ஓவியன் மறைக்க விரும்பியதைக் கைவினைஞன் தன் தொழிலாகக் கொண்டிருந்தான். பின்னர் 1911இல் பிராக் தமது ஓவியங்களில் அச்சுத் தகட்டு எழுத்துகளைப் பதித்தமையும், அடுத்த ஆண்டில் மரரேகைச் சீப்பைப் பயன்படுத்தியமையும், அதே 1912இல் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டியமையும் இக்கைப்பழக்கத்தின் வெளிப்படையான விளைவுகளாகும். 1908ஆம் ஆண்டு ஓவியத்தில் அக்கருவிகள் இன்னும் தோன்றவில்லை. ஆயினும், தோற்றம் என்பது செய்யப்படும் ஒன்று என்ற அறிவு அங்கு ஏற்கெனவே தொழிற்படுகின்றது எனலாம். ஒவ்வொரு தூரிகைத் தடமும் அழிக்கப்படாது, ஒன்றையொன்று ஒட்டி, கொத்தன் கல் அடுக்குவதுபோல அடுக்கப்பட்டுள்ளது.

கியூபிசத்தைச் சிதைவின் கலை என்று கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை. உடைத்தல் மட்டுமே இங்கு நிகழவில்லை, கட்டுதலும் நிகழ்கின்றது. அக்கட்டுமானத்தின் இலக்கணம் தொழிற் பட்டறையிலிருந்து வந்தது.

3. ஓவியத்தில் இல்லாதவை

இதுவரை கூறியவற்றோடு நிறுத்தியிருந்தால் எமது பணி இலகுவாக இருந்திருக்கும். உழைப்பாளியின் கையறிவு புதிய கலையைப் படைத்தது என்று பெருமையுடன் கூறிவிடலாம். ஆனால் ஓவியத்தில் உள்ளவற்றைப் போலவே இல்லாதவையும் ஆராயப்பட வேண்டியவை.

லெஸ்தாக் மார்செய் துறைமுகத்தின் வடமேற்கே, குடாவின் கரையில் அமைந்த ஊர். இன்று அது மார்செய் நகரத்தின் ஒரு பகுதி. பிராக் அங்கு சென்ற காலத்தில் அது வெறும் மீனவர் கிராமமாக இருக்கவில்லை. அப்பகுதியின் களிமண்ணைக் கொண்டு இயங்கிய ஓட்டுத் தொழிற்சாலைகள் அங்கு நிறைந்திருந்தன. ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டையான 'மார்செய் ஓடு' அங்கிருந்து கப்பலேறிப் பல கண்டங்களுக்குச் சென்றது. சூளைகளில் வேலை செய்தோரிற் பெருந்தொகையினர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். இரசாயனத் தொழிற்சாலைகளும் அங்கு எழுந்திருந்தன. அண்மையிலிருந்த மார்செய், பிரெஞ்சுக் குடியேற்றப் பேரரசின் தலைவாயில். 1906ஆம் ஆண்டிலே குடியேற்ற நாடுகளின் மாபெரும் கண்காட்சியொன்று அங்கு நடைபெற்றது. சூயெஸ் வழியாகக் கொழும்பைத் தொட்டுச் சைகோன்வரை சென்ற பிரெஞ்சுத் தபாற் கப்பல்களும் மார்செயிலிருந்தே புறப்பட்டன.

இவற்றில் எதுவும் 'லெஸ்தாக்கின் வீடுகள்' ஓவியத்தில் இல்லை. குடா இல்லை, கப்பல் இல்லை, புகைபோக்கி இல்லை. வீடுகளின் கூரைகள் உண்டு. ஓடு சுட்டவன் இல்லை. செசான் அதே குடாவை வரைந்தபோது அவருடைய சில ஓவியங்களில் தொழிற்சாலைப் புகைபோக்கி இடம்பெற்றதை நோக்கும்பொழுது, இவ்விலக்கு மேலும் துலக்கமாகின்றது. பிராக் 1908இல் அவ்வூரின் புகையிரதப் பாலத்தையும் வரைந்தார். 1910இல் மீண்டும் அங்கு சென்றபோது 'லெஸ்தாக்கில் றியோ தின்ரோ தொழிற்சாலைகள்' என்ற பொருளில் ஓவியங்கள் வரைந்தார். ஆகவே தொழிற்சாலை அவர் கண்ணில் படவில்லை என்று கூற முடியாது. ஆனால் அந்த ஓவியங்களிலும் தொழிற்சாலை என்பது முகப்புகளும் சரிவுகளும் கூரைகளும் கொண்ட ஒரு வடிவத் தொகுதியாகவே இருக்கின்றது. அங்கு நிகழும் உற்பத்தி, அவ்வுற்பத்தியில் மனிதர் தம்முள் கொண்ட உறவு ஆகியவை ஓவியத்தின் எல்லைக்குள் வரவில்லை.

இங்கே நாம் ஒரு முரண்பாட்டின் முன் நிற்கின்றோம். பார்த்தலை உழைப்பாகக் காட்டிய ஓவியம், பார்க்கப்பட்ட பொருளை ஆக்கிய உழைப்பை மறைத்துவிடுகின்றது. இவை இரண்டும் தற்செயலாக ஓரிடத்திற் சேர்ந்தவையல்ல. கைவினைஞரின் தொழில், பெருந்தொழிற்சாலை உற்பத்தியின் முன் தன் இடத்தை இழந்துகொண்டிருந்த காலம் அது. பூச்சுத்தொழிலாளியின் மைந்தன் கலைஞனாகியபொழுது, தன் கையின் அறிவை அழியாது காத்துக்கொள்ளக் கிடைத்த ஒரே பரப்பு கன்வஸ் ஆயிற்று. அங்கே அவன் தன் உழைப்புக்குத் தானே எசமானன். அச்சுதந்திரம் உண்மையானது, ஆனால் அது தனியொருவனின் சுதந்திரம். சூளையடியில் நின்ற இத்தாலியத் தொழிலாளிக்கு அதிற் பங்கில்லை. ஆகவே கைவினை உழைப்பு உருவமாக மீட்கப்பட்டதும், கூலி உழைப்பு உள்ளடக்கத்திலிருந்து விலக்கப்பட்டதும் ஒரே வரலாற்று நிலைமையின் இரு பக்கங்கள் என்றே நாம் கருதுகின்றோம்.

4. பெயரும் சந்தையும்

1908ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் கண்காட்சிக்குப் பிராக் லெஸ்தாக் ஓவியங்களை அனுப்பினார். மத்தீஸ் இடம்பெற்றிருந்த தெரிவுக்குழு அவற்றை நிராகரித்தது. அவை சிறு கனசதுரங்களால் ஆனவை என்று மத்தீஸ் கூறியதாக ஒரு செய்தி உண்டு. அதே நவம்பரில் டானியல் ஹென்றி கான்வைலர் என்ற இளம் ஜேர்மன் வணிகர் பாரிசிலிருந்த தமது சிறிய கலைக்கூடத்தில் பிராக்கின் ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார். கவிஞர் அப்பொலினேர் அதன் விபரப் பட்டியலுக்கு முன்னுரை எழுதினார். பத்திரிகை விமர்சகர் லூயி வொக்செல், பிராக் இடங்கள், உருவங்கள், வீடுகள் எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறைத்துவிடுகின்றார் என்ற கருத்துப்பட எழுதினார். ஏளனமாகப் பிறந்த சொல்லே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது, பொதுக் கண்காட்சி மறுத்ததைத் தனி வணிகர் ஏற்றார் என்பதாகும். 1912இன் இறுதியில் பிராக்கும் பிக்காசோவும் கான்வைலரோடு எழுத்துமூல உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆக்கங்களை அவருக்கே விற்பது, குறித்த விலையில் அவர் வாங்குவது என்ற இவ்வேற்பாடு ஓவியருக்குப் பரிசோதனை செய்யும் சுதந்திரத்தைத் தந்தது. அதே வேளையில் ஆக்கத்தைப் பொதுமக்களின் கண்ணிலிருந்து அகற்றி, விரல்விட்டு எண்ணத்தக்க வாடிக்கையாளரின் சுவர்களுக்கு அனுப்பியது. கியூபிசம் 'விளங்காத' கலையானமைக்கு அதன் வடிவம் மாத்திரம் காரணமன்று. அது பழகுவதற்கே மக்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்பதும் காரணமாகும். கடினம் என்பது ஆக்கத்தின் இயல்பாக மட்டுமன்றி, ஆக்கத்துக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள சமூக உறவின் இயல்பாகவும் இருக்கின்றது.

5. பிளெக்கனோவின் தீர்ப்பு

மார்க்சியர் கியூபிசத்தை நேர்கொண்ட முதற் சந்தர்ப்பங்களுள் ஒன்று பிளெக்கனோவின் 'கலையும் சமூக வாழ்வும்' என்ற பேருரையாகும். 1912ஆம் ஆண்டு நிகழ்த்தப்பட்டுப் பின் கட்டுரையாக வெளிவந்த அதிலே, கியூபிசத்தை அவர் சொல்விளையாட்டோடு கூடிய ஏளனத்தால் ஒதுக்கித் தள்ளினார். அதன் வேர் அகநிலைக் கருத்துமுதல்வாதத்தில் உள்ளது என்பது அவரது வாதம். அவ்வாதத்துக்கு ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்டது கிளேஸ், மெற்சிங்கர் ஆகிய இருவரும் அதே ஆண்டில் எழுதிய 'கியூபிசம் பற்றி' என்ற நூலாகும்.

அந்நூலின் மெய்யியல் மீது பிளெக்கனோவ் செய்த தாக்குதல் நியாயமானதே. ஆயின் ஒரு முறையியற் தவறு இங்கு நிகழ்ந்துவிட்டது. ஆக்கம் பற்றிய விளக்கவுரை ஆக்கத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. பிராக்கும் பிக்காசோவும் அக்காலத்தில் எவ்வித கொள்கைப் பிரகடனமும் வெளியிட்டவர்களல்லர். மேலும், பல்சாக்கின் அரசியற் சார்பையும் அவரது நாவல்கள் வெளிப்படுத்திய உண்மையையும் வேறுபடுத்திக் காணவேண்டும் என்று ஏங்கெல்ஸ் 1888இலேயே கற்பித்திருந்தார். நாவலாசிரியனுக்கு வழங்கிய அந்த நீதியை ஓவியனுக்கு வழங்க மறுப்பதற்கு நியாயம் யாது?

இத்தவறு நூலோடு நின்றுவிடவில்லை. சோவியத் அரசு 1918இல் தனியாரின் நவீன ஓவியத் திரட்டுகளை நாட்டுடைமையாக்கி மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது. அவற்றிலிருந்து உருவான மொஸ்கோவின் புதிய மேற்கத்தியக் கலை நூதனசாலை, உருவவாதக் குற்றச்சாட்டின்பேரில் 1948இல் மூடப்பட்டது. முதற் செயல் சமூக உறவை மாற்றியது. இரண்டாவது செயல் ஓவியத்தைத் தண்டித்தது. எது மார்க்சிய நோக்குக்கு நெருங்கியது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மறுபுறத்தில், ஜோன் பேர்ஜர் 1960களில் எழுதிய கட்டுரைகளில் கியூபிசத்தை ஒரு புதிய உலகின் சாத்தியத்தை முன்னுணர்ந்த கலையாகக் கண்டார். மின்சாரமும் விமானமும் புதிய பௌதிகமும் சோசலிச இயக்கத்தின் வளர்ச்சியும் ஒருங்கே அளித்த நம்பிக்கை அதில் உறைந்துள்ளது என்றார். பிளெக்கனோவின் தீர்ப்பினும் இது செழுமையானது. ஆயினும் லெஸ்தாக்கின் ஆளற்ற வீடுகளின் முன் நின்று பார்க்கும்பொழுது அந்நம்பிக்கையும் முழுமையான விளக்கமாகத் தோன்றவில்லை. வருங்காலத்தை முன்னுணர்ந்த அவ்வோவியம் தன் நிகழ்காலத்தின் பாதியைப் பாராது விட்டது.

6. பேர்னுக்கு வந்த வழி

இவ்வோவியம் பேர்னை அடைந்த கதை சிந்தனைக்குரியது. கான்வைலரின் இளமைக்கால நண்பரான ஹேர்மன் ருப் என்பவர், போருக்கு முன்னரே அவரிடமிருந்து அதனை வாங்கினார். ருப் தையற் பொருள்களின் மொத்த வணிகர். அதே வேளையில் சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பினர். பேர்ன் தொழிலாளர் இயக்கத்தின் நாளிதழான 'பேர்னர் தாக்வாக்ட்'டில் நீண்டகாலம் கலை விமர்சனங்கள் எழுதியவர்.

1914இல் போர் மூண்டது. கான்வைலர் ஜேர்மன் பிரசையாதலால் பாரிசிலிருந்த அவரது ஓவியங்கள் எதிரியின் சொத்தெனப் பிரெஞ்சு அரசினாற் கைப்பற்றப்பட்டன. 1921 தொடக்கம் 1923 வரை அவை ஏலத்தில் விற்கப்பட்டன. பிராக் போர்முனைக்குச் சென்று, 1915இல் தலையிற் படுகாயமுற்றார். கான்வைலர் பேர்னில் ருப்பின் ஆதரவில் வாழ்ந்து கியூபிசம் பற்றிய தமது நூலை எழுதினார். அதே பேர்னில் 1914 முதல் 1916 வரை லெனின் வாழ்ந்தார். 'தாக்வாக்ட்'டின் ஆசிரியராயிருந்த றொபேர்ட் கிறிம், போரை எதிர்த்த சோசலிசவாதிகளை 1915 செப்டெம்பரில் அருகிலுள்ள சிம்மர்வால்ட் கிராமத்தில் ஒன்றுகூட்டினார். சிம்மர்வால்ட் மகாநாட்டுக்கு வழிசமைத்த பத்திரிகையும், கியூபிசத்தின் முதல் ஆதரவாளர்களுள் ஒருவர் எழுதிவந்த பத்திரிகையும் ஒன்றே.

இதனை வைத்துக் கியூபிசம் புரட்சிக் கலை என்று வாதிடுவது பேதைமை. ருப் முதலாளிதான், அவர் வாங்கியது அவரது சொத்துத்தான். ஆனால் புதிய கலையை வாங்கியவர் தொழிலாளர் பத்திரிகையிலே கலை பற்றி எழுதுவதையும் தம் கடமையாகக் கொண்டார். 1954இல் தம் மனைவி மார்கிறிற்றோடு சேர்ந்து அவர் அமைத்த அறக்கட்டளை மூலம் அத்திரட்டு நகரின் நூதனசாலைக்கு உரியதாயிற்று. தனியார் சுவரில் முடங்கிய ஓவியம் பொதுச் சுவருக்கு வந்தது. எவரும் அதன் முன் நின்று, வீடுகளைத் தம் கண்ணாற் கட்டியெழுப்பிப் பார்க்கலாம். ஓடு சுட்டவர் எங்கே என்று கேட்கவும் செய்யலாம்.

அக்கேள்வியைக் கேட்பதே விமர்சனத்தின் பணி என்பது எமது கருத்து. கடினமான உருவத்தைக் கண்டவுடன் கதவைச் சாத்துபவர், உழைப்பின் அறிவு கலைக்குள் புகுந்த வழியொன்றையும் சேர்த்தே சாத்திவிடுகின்றார். உருவத்தின் புதுமையில் மயங்கி நிற்பவரோ, அப்புதுமைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதரை மறந்துவிடுகின்றார். ஓர் ஆக்கத்தின் முரண்பாடே அதன் சமூக உள்ளடக்கம். அதனை உருவத்தினுள்ளேயே தேடிக் கண்டறியாத விமர்சனம், பாராட்டினாலும் கண்டித்தாலும், ஆக்கத்தின் வாயிலிலேயே நின்றுவிட்ட விமர்சனமாகும்.